ஒரு டிக், முப்பத்தெட்டரை லட்சம் டாலர்: பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் ஃபேக்டரி ஆப்ஷனுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

1967இல் அமெரிக்காவில் ஒரு செவர்லே டீலரிடம் கார்வெட் என்ற ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போனால், அவர் ஒரு ஆர்டர் படிவத்தை எடுத்து மேஜையில் வைப்பார். கூப்பே, அதாவது நிலையான கூரையுள்ள மாடலின் அடிப்படை விலை 4,388 டாலர் சொச்சம். அதற்கு மேல் வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம். ரேடியோ, ஏசி, பவர் ஸ்டீயரிங், பவர் பிரேக், லெதர் சீட், விதவிதமான என்ஜின்கள் என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில் எல்88 என்று ஒரு வரி இருந்தது, விலை 947 டாலர் 90 சென்ட். அந்த மாடல் வருஷத்தில் தயாரான கார்வெட்கள் மொத்தம் 22,940. அவற்றில் எல்88 வரியில் டிக் விழுந்தவை வெறும் 20. அந்த இருபதில் ஒரு சிவப்பு கூப்பே 2014 ஜனவரியில் ஸ்காட்ஸ்டேலில் நடந்த பேரட்-ஜாக்சன் ஏலத்தில் 38.5 லட்சம் டாலருக்குப் போனது. அதே வருஷத்துச் சாதாரண கார்வெட்டை, நல்ல நிலையில் உள்ளதாகவே, ஒரு லட்சம் டாலருக்குள் பிடித்துவிடலாம்.

கார் ஏலச் செய்திகளைப் புதிதாகப் படிக்க ஆரம்பிப்பவர்களைக் குழப்புவது இந்த இடம்தான். பார்வைக்கு இரண்டு காரும் ஏறக்குறைய ஒன்றுதான், அதே உடல், அதே விளக்குகள், அதே உட்புறம், ஆனால் ஒன்றை விற்ற பணத்தில் மற்றதை முப்பது நாற்பது வாங்கலாம். ஏன் இப்படி என்று கேட்டால் "அரிய கார், அதான்" என்று பதில் வரும். அந்தப் பதில் பாதிகூட இல்லை. அரிதாக இருந்தும் விலையில் ஒரு பைசா கூட்டாத ஆப்ஷன்கள் எத்தனையோ உண்டு. அதனால் எண்ணிக்கையைக் கடைசியில் பாருங்கள் என்பேன். அந்த ஆப்ஷன் காரை என்னவாக மாற்றியது, அது தொழிற்சாலையிலேயே போட்டதுதான் என்று இன்றைக்கு நிரூபிக்க முடியுமா, இந்த இரண்டும்தான் முதலில் வர வேண்டிய கேள்விகள்.

அதற்கு முன் ஒரு சின்ன அடிப்படை. ஃபேக்டரி ஆப்ஷன் என்றால், கார் தயாராகும் லைனில் இருக்கும்போதே கம்பெனி ஆட்கள் பொருத்திய, கம்பெனியின் ஆவணத்தில் பதிவான கூடுதல் பாகமோ தொகுப்போ. டீலர் கடையில் பின்னால் மாட்டியது இதில் சேராது, சொந்தக்காரர் ஒர்க்‌ஷாப்பில் செய்துகொண்டதும் சேராது. செவர்லே இதை ரெகுலர் புரொடக்‌ஷன் ஆப்ஷன் என்று சொல்லி, ஒவ்வொன்றுக்கும் எல்88, இசட்06, ஜே56 மாதிரி ஒரு குறியீடு கொடுத்தது. போர்ஷேயில் அதுவே எம் எழுத்தில் ஆரம்பிக்கும் எண். பழைய கார்க்காரர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால் பாதி இந்தக் குறியீடுகளாகவே இருக்கும், அதைக் கண்டு பயந்துவிட வேண்டாம், பத்துப் பதினைந்து தெரிந்தாலே பேச்சு புரிய ஆரம்பித்துவிடும்.

சரி, எல்88க்கு வருவோம். இது ஒரு என்ஜின் ஆப்ஷன் என்று சொல்வது உண்மை, ஆனால் போதாது. உள்ளபடி இது நம்பர் பிளேட் மாட்டிய ஒரு ரேஸ் கார். 427 கன அங்குல என்ஜின், அதாவது ஏறக்குறைய 7 லிட்டர், அலுமினிய சிலிண்டர் ஹெட், 12.5க்கு 1 என்ற கம்ப்ரஷன், அதாவது பெட்ரோலும் காற்றும் கலந்ததை அழுத்தும் விகிதம். அந்தக் கம்ப்ரஷனுக்குச் சாதாரண பங்க் பெட்ரோல் ஒத்துவராது, அதனால் குறைந்தது 103 ஆக்டேன் எரிபொருள் ஊற்றாவிட்டால் என்ஜின் கெட்டுவிடும் என்று காருக்குள்ளேயே எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினார்கள். எல்88 கேட்டால் கூடவே வலுவான பிரேக், வலுவான சஸ்பென்ஷன், டிரான்சிஸ்டர் இக்னிஷன், பாசிட்ராக்‌ஷன் (ஒரு பின்சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் அமைப்பு) எல்லாம் கட்டாயம் வாங்க வேண்டும். ரேடியோ கேட்டால் கிடையாது. ஹீட்டரும் கிடையாது. கடுங்குளிர் அடிக்கும் ஊர்களுக்கும் அதே கதைதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது குதிரைத்திறன் விவகாரம். பட்டியலில் எல்88க்கு 430 குதிரைத்திறன் என்று போட்டிருந்தது. அதே பட்டியலில் எல்71 என்று இன்னொரு 427 என்ஜின், விலை 437 டாலர், குதிரைத்திறன் 435. அதாவது இரண்டு மடங்குக்கும் மேல் காசு கொடுத்து ஐந்து குதிரை குறைவாக வாங்குகிறோம் என்று தோன்றும்படி அச்சடித்திருந்தார்கள். உண்மையில் எல்88 கொடுத்தது 500க்கும் மேல். வெறுமனே ஊர் சுற்ற நினைப்பவர்கள் இதன் பக்கம் வந்துவிடக் கூடாது, ரேஸ் ஓட்டுபவர்கள் மட்டும் விஷயம் தெரிந்து வாங்கட்டும் என்றுதான் இப்படிச் செய்தார்கள் என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம். செவர்லேயின் தாய் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் அந்தக் காலத்தில் ரேஸில் நேரடியாக இறங்குவதில்லை என்று கொள்கை வைத்திருந்தது, ஆனால் கார்வெட்டின் மூளையாக இருந்த சோரா ஆர்கஸ்-டன்டோவ் மாதிரி ஆட்கள் உள்ளே இருந்தார்கள். அவர்களுக்குத் திறந்திருந்த ஒரே வாசல் ஆப்ஷன் பட்டியல்தான். பட்டியலில் இருந்தால் அது யாரும் காசு கொடுத்து வாங்கக்கூடிய உற்பத்திக் காரின் பாகம், எனவே ரேஸ் விதிகளுக்கும் பொருந்தும். 1967 லெ மான் பந்தயத்தில் ஒரு எல்88 கார்வெட் ஜிடி பிரிவில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்து, என்ஜின் உடைந்து நின்றுபோனது. ஜெயிக்கவில்லை, ஆனால் அந்த வரி எதற்காகப் பட்டியலில் இருந்தது என்பது அங்கே தெரிந்தது.

இதைத்தான் ஆப்ஷன் காரை மாற்றுவது என்கிறேன். டன்டோவ் குழுவே 1963இல் கொண்டுவந்த இசட்06 தொகுப்பைப் பாருங்கள், மொத்தம் 199 கார்கள். அவற்றில் சிலவற்றில் 36.5 கேலன், அதாவது 138 லிட்டர் கொள்ளும் ஒரு பெரிய ஃபைபர்கிளாஸ் பெட்ரோல் டேங்க் உண்டு. சாதாரண கார்வெட்டின் டேங்க் 20 கேலன். சீட்டுக்குப் பின்னால் சாமான் வைக்கும் இடத்தை எல்லாம் இந்தத் தொட்டி அடைத்துக்கொள்ளும். பெட்ரோல் டேங்குக்குப் போய் யாராவது கூடுதல் காசு கொடுப்பார்களா என்றால், கொடுக்கிறார்கள், பெரிய தொகையே கொடுக்கிறார்கள். ஏனென்றால் செப்ரிங், டேடோனா மாதிரி நீண்ட நேரப் பந்தயங்களில் பெட்ரோலுக்காக நிற்கும் தடவைகளைக் குறைக்கத்தான் அந்தத் தொட்டி. அதைப் பார்த்ததுமே கார் எதற்காகப் பிறந்தது என்பது விளங்கிவிடும்.

இப்போது அரிதாக இருப்பது ஏன் என்ற கேள்விக்கு வரலாம். இங்கே ஒரு ஒற்றுமை திரும்பத் திரும்ப வரும்: இன்றைக்குக் கோடிகளில் போகும் ஆப்ஷன் அன்றைக்கு விலை போகாமல் கிடந்த ஆப்ஷன். கம்பெனி வேண்டுமென்றே குறைவாகத் தயாரித்தது என்பது பிற்காலத்து வழக்கம். அறுபதுகளில் கதை வேறு, யாரும் கேட்கவில்லை, அதனால் குறைவு.

செவர்லேயின் இன்னொரு காரான கமாரோவில் 1969இல் வந்த இசட்எல்1 இதற்குச் சரியான உதாரணம். முழுக்க அலுமினியத்தில் வார்த்த 427 என்ஜின், வழக்கமான பட்டியலில் கிடையாது, தலைமை அலுவலகத்தின் தனி ஆர்டராக, கோப்போ 9560 என்ற எண்ணில்தான் வாங்க முடியும். இல்லினாய் மாநிலத்தில் லா ஹார்ப் என்ற சின்ன ஊரில் டீலராக இருந்த ஃபிரெட் கிப் 50 கார்களுக்கு ஆர்டர் போட்டார். கார்கள் வந்து இறங்கியபோதுதான் விலை தெரிந்தது: என்ஜினுக்கு மட்டுமே 4,160 டாலர், கார் முழுசாக 7,200 டாலருக்கும் மேல். மூவாயிரம் டாலருக்குள் கமாரோ கிடைத்த காலம் அது. விற்க முடியாமல் பெரும்பாலானவற்றைக் கம்பெனிக்கே திருப்பி அனுப்ப, அவை நாடு முழுக்க மற்ற டீலர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. மொத்தம் தயாரானவை 69. கார்வெட்டில் அதே இசட்எல்1 என்ஜின் இன்னும் மோசம், 4,718 டாலர், அதாவது கார் விலைக்குச் சமமான இன்னொரு விலை. இரண்டே இரண்டு கார்கள் தயாராயின. அதில் ஒன்று, கூரையை மடக்கித் திறக்கக்கூடிய ஆரஞ்சு நிறக் கன்வெர்டிபிள், 2023 ஜனவரியில் 31 லட்சம் டாலரைத் தாண்டிப் போனது.

ஜெர்மனியில் இதே கதை இன்னும் நுணுக்கமாக நடந்தது. 1972 பாரிஸ் மோட்டார் ஷோவில் போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7 அறிமுகமானது. ரேஸ் விதிக்காக 500 கார் விற்றால் போதும் என்று ஆரம்பித்து, வரவேற்பைப் பார்த்து மொத்தம் 1,580 தயாரித்தார்கள். வாங்குபவர்கள் முன் இரண்டு முக்கியமான வழிகள் இருந்தன. எம்471 என்ற ஸ்போர்ட் தொகுப்பு 700 மார்க். எம்472 என்ற டூரிங் தொகுப்பு 2,500 மார்க், அதை எடுத்தால் வழக்கமான 911 எஸ் மாடலின் வசதியான உட்புறம் வரும். மக்கள் என்ன செய்திருப்பார்கள்? 1,308 பேர் டூரிங் எடுத்தார்கள், ஸ்போர்ட் எடுத்தவர்கள் 200 பேர். மீதிச் சில, பந்தயத்துக்கென்றே தயாரானவை.

ஸ்போர்ட் காரின் உள்ளே எட்டிப் பார்த்தால் 700 மார்க்குக்கு என்ன கொடுத்தார்கள் என்பதைவிட என்ன எடுத்தார்கள் என்பதுதான் கண்ணில் படும். பின் சீட் இல்லை. டாஷ்போர்டில் கடிகாரம் இல்லை. கதவில் கை வைக்கும் பிடி இருந்த இடத்தில், வெறும் ஒரு இழுபட்டி. முன்பக்க மூடியில் இருக்கும் போர்ஷே சின்னம்கூட உலோகத்தில் இல்லை, வெறும் ஸ்டிக்கர். அந்தச் சின்னத்தின் எடை எவ்வளவு இருந்துவிடும், சில கிராம்தான், அதைக்கூட விடவில்லை. இப்படிக் கழித்துக் கழித்து 960 கிலோவுக்குக் கொண்டுவந்தார்கள், டூரிங்கின் எடை 1,075 கிலோ. அந்த 115 கிலோ வித்தியாசத்துக்குத்தான் இன்றைக்கு ஏலத்தில் பல லட்சம் டாலர் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். அன்றைக்கு 1,800 மார்க் அதிகம் கொடுத்து டூரிங் வாங்கியவர் தப்பான முடிவு எடுத்தார் என்று நான் சொல்லமாட்டேன், தினமும் ஓட்ட அதுதான் நல்ல கார். ஆனால் ஆர்எஸ் எதற்காகப் பிறந்ததோ அதைக் கலப்படமில்லாமல் வைத்திருப்பது அந்த 200தான்.

மெர்சிடஸ் 300எஸ்எல் கல்விங்கிலும் அப்படித்தான். மேல்நோக்கித் திறக்கும் கதவுள்ள அந்த கார் 1,400 தயாரானது. எஃகுக்குப் பதில் முழு அலுமினிய உடல் கேட்டு வாங்கியவர்கள் 29 பேர். கை ஊன்றினாலே நசுங்கும் உடலுக்கு யார் கூடுதல் பணம் கொடுப்பார்கள் என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். அந்த 29இல் ஒன்று 2022 ஜனவரியில் 68 லட்சம் டாலருக்கு விற்றது, நல்ல நிலையில் உள்ள எஃகுக் காரைப்போல நாலைந்து மடங்கு.

அதே 300எஸ்எல்லை வைத்தே மறுபக்கத்தையும் காட்டலாம், ஏனென்றால் எல்லா ஆப்ஷனும் ஒரே தரம் இல்லை. அந்தக் காருக்கு ரூட்ஜ் சக்கரங்கள் என்று ஒரு ஆப்ஷன் உண்டு, நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டால் மாட்டும் வகை, பார்க்க மிகவும் அழகாக இருக்கும். காருக்கு என்றே அளவெடுத்துத் தைத்த கார்ல் பைஷ் தோல்பெட்டிகளும் உண்டு. இரண்டுக்கும் மதிப்பு இருக்கிறது. ஆனால் இரண்டையும் இன்றைக்குப் புதிதாகச் செய்து கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். காசு இருந்தால் எந்த 300எஸ்எல்லிலும் மாட்டிவிடலாம். பின்னால் மாட்டிக்கொள்ளக்கூடிய எதுவும், அந்தப் பாகத்தின் விலையைத் தாண்டிக் கார் விலையை ரொம்பத் தூக்க முடியாது, காருடனே வந்த அசல் என்று காகிதத்தில் இருந்தால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அலுமினிய உடலை அப்படிப் பின்னால் மாட்ட முடியாது. மாட்டினாலும் அந்த 29 சேஸி எண்கள் எவை என்று உலகத்துக்கே தெரியும், முப்பதாவது கார் ஒன்று முளைக்க வழியில்லை.

நடுவில் ஒரு சிக்கலான ரகம் இருக்கிறது, புதிதாக வருபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஃபெராரி தயாரித்த டினோ 246 ஜிடிஎஸ் வாங்குபவர்கள் சேர்ஸ் அண்ட் ஃப்ளேர்ஸ் என்று ஒரு ஜோடியைத் தேடுவார்கள். ஃபெராரியின் டேடோனா என்ற காரில் இருந்த பாணியிலான சீட்டும், அகலமான கம்பக்னோலோ சக்கரத்துக்கு இடம் கொடுக்க வெளியே தள்ளிய சக்கர வளைவுகளும் சேர்ந்து வருவது. தகரமும் தோலும் தெரிந்த நல்ல ஒர்க்‌ஷாப் இதைச் சாதாரண டினோவில் செய்துவிடும், பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆஸ்டன் மார்ட்டின் டிபி5இல் வான்டேஜ் என்ஜின் என்று ஒன்று, மூன்று வெபர் கார்புரேட்டர், வழக்கமான 282 குதிரைத்திறனுக்குப் பதில் 314. தொழிற்சாலையிலிருந்து அப்படி வந்த கூப்பேக்கள் 65 என்பார்கள். ஆனால் பிற்காலத்தில் என்ஜினைப் பிரித்துச் செய்யும்போது அதையே வான்டேஜ் தரத்துக்கு உயர்த்திக்கொண்ட டிபி5கள் நிறைய. ஓட்டுவதற்கு இரண்டும் ஒன்றுதான். விலையில் ஒன்றில்லை. ஃபெராரி டேடோனாவில் இது இன்னும் கொடுமை, கம்பெனி திறந்த கூரையுள்ள ஸ்பைடர்கள் 122தான் செய்தது, அது போதாது என்று பல கூப்பேக்களின் கூரையை அறுத்துக் கன்வெர்டிபிள் ஆக்கினார்கள். நல்ல கூப்பே ஒன்று குறைந்தது, ஸ்பைடர் ஒன்றும் கூடவில்லை.

இதற்குச் சமீப காலத்து உதாரணமும் உண்டு. ஃபெராரியில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள துடுப்பை இழுத்து மாற்றும் எஃப்1 கியர்பாக்ஸ் வந்த பிறகு, பழைய மாதிரி கியர் குச்சி கேட்பவர்கள் அருகிப்போனார்கள். 575எம் மாரனெல்லோ 2,056 கார்களில் மேனுவல் 246. அடுத்து வந்த 599இல் மேனுவல் மொத்தமே 30. அதற்குப் பிறகு பன்னிரண்டு சிலிண்டர் ஃபெராரியில் மேனுவல் வரவேயில்லை, அதனால் அந்த முப்பதின் விலை சாதாரண 599ஐ விட எத்தனையோ மடங்கு. எஃப்1 காரை மேனுவலாக மாற்றித் தரும் கடைகள் இப்போது இருக்கின்றன, வேலையும் சுத்தம், ஓட்ட அருமை என்றே எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் விற்கப் போனால் அது மாற்றிய கார்தான்.

ஆக, நிரூபணம். நிலம் வாங்கும்போது மூலப்பத்திரம் பார்ப்பது போலத்தான் இதுவும், பத்திரம் சரியில்லை என்றால் மண் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் விலை இல்லை. கம்பெனிக்குக் கம்பெனி இந்தப் பத்திரம் இருக்கும் இடம் வேறு, அதனால் ஒரே மாதிரி ஆப்ஷனுக்குக்கூடச் சந்தை வேறு வேறு மாதிரி நடந்துகொள்கிறது.

கிரைஸ்லர் கார்களில் வேலை சுலபம். கிரைஸ்லரின் பிளிமத் பிராண்டில் வந்த 1971 ஹெமி குடா கன்வெர்டிபிளின் கார் எண் பிஎஸ்27ஆர்1பி என்று ஆரம்பிக்கும். பி என்றால் பாராகுடா, எஸ் என்றால் ஸ்பெஷல், 27 கன்வெர்டிபிள், 1 என்பது 1971, கடைசி பி ஹாம்ட்ராமிக் ஆலை. நடுவில் இருக்கும் அந்த ஆர் என்ற ஒரே எழுத்துதான் 426 ஹெமி என்ஜின். அந்த எழுத்து வேறு எதுவாக இருந்தாலும், உள்ளே இன்றைக்கு ஹெமி உட்கார்ந்திருந்தாலும், அது ஹெமி கார் இல்லை. பதினொன்றோ என்னவோதான் அந்த வருஷம் தயாரானது, அதில் நான்கு கியர் மேனுவல் ஒன்று 2014இல் சியாட்டில் மீகம் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது.

செவர்லேயில் அந்த வசதி கிடையாது. 1967 கார்வெட்டின் கார் எண்ணில் கூப்பேயா கன்வெர்டிபிளா, எந்த வருஷம், எந்த ஆலை, எத்தனையாவது கார் என்பது இருக்கும், எந்த என்ஜின் என்பது இருக்காது. எண்ணைப் பார்த்தால் எல்88உம் சாதாரண 300 குதிரைத்திறன் காரும் ஒன்றுதான். அதனால் கார்வெட்காரர்கள் இரண்டு இடங்களில் தேடுவார்கள்.

ஒன்று என்ஜின் பிளாக். வலதுபக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், இரண்டு விரல் அகலத்தில் ஒரு தட்டையான மேடை இருக்கும். அதில் டி என்று ஆரம்பித்து ஒரு வரிசை அடித்திருக்கும். டி என்றால் நியூயார்க் மாநிலத்து டோனவாண்டா என்ஜின் ஆலை, அடுத்த நாலு எண்கள் என்ஜின் கோர்த்த மாதமும் தேதியும், கடைசி இரண்டு எழுத்துகள் என்ஜின் வகை. 1967 எல்88 என்றால் ஐடி. பக்கத்திலேயே கார் எண்ணின் கடைசிப் பகுதி அடித்திருக்கும், அது காரின் எண்ணுடன் பொருந்த வேண்டும். இந்தப் பொருத்தத்தைத்தான் மேட்சிங் நம்பர்ஸ் என்கிறார்கள். சரி, எண்ணை யார் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். அடிக்கிறார்கள். பழைய எண்ணைத் தேய்த்துவிட்டு வேண்டிய எண்ணை அடிப்பார்கள். ஆனால் ஆலையில் அந்த மேடையைச் செதுக்கிய இயந்திரம் மெல்லிய இணைகோடுகளை விட்டுச் சென்றிருக்கும், சாய்வாக வெளிச்சம் அடித்துப் பார்த்தால் அந்த ரேகைகள் முழு மேடையிலும் ஒரே சீராக, எழுத்துகளுக்கு அடியிலும் ஓடும். தேய்த்த மேடையில் அந்தக் கோடுகள் இருக்காது, அல்லது அரம் வைத்துப் போட்ட வேறு மாதிரிக் கோடுகள் இருக்கும். அப்புறம் பிளாக் வார்த்த தேதி தனியாக வார்ப்பிலேயே இருக்கும். வார்த்த தேதி முதலில், கோர்த்த தேதி அதற்குப் பிறகு, கார் தயாரான தேதி கடைசியில் என்று வரிசை வர வேண்டும். காருக்குப் பிறகு பிறந்த என்ஜின் அந்தக் காரோடு பிறந்திருக்க முடியாதே.

இன்னொரு இடம் பெட்ரோல் டேங்கின் தலை. செயின்ட் லூயிஸ் ஆலையில் கார் கோர்த்தவர்கள், எந்தெந்த ஆப்ஷன் போட வேண்டும் என்று எழுதிய காகிதத்தை வேலைக்குப் பிறகு டேங்கின் மேல் ஒட்டி அனுப்பிவிடுவார்கள். 1967 முதல் இது வழக்கமாகக் கிடைக்கிறது. யாரும் பாதுகாக்க நினைத்து ஒட்டியது இல்லை. டேங்கை இறக்கினால்தான் கண்ணில் படும், ஐம்பது அறுபது வருஷப் பெட்ரோல் கசிவிலும் தூசியிலும் பாதி கரைந்து, மஞ்சளாகி, சில கட்டங்கள் மட்டும் படிக்கும்படி இருக்கும். அந்தப் படிக்கும் கட்டங்களில் எல்88 என்று இருந்துவிட்டால் அந்தக் காகிதத் துண்டின் மதிப்பு இன்னொரு முழு கார்வெட்டைவிட அதிகம். எனக்கு இந்த விஷயத்தில் மனசு தங்குவது இங்கேதான். மணிக்கணக்குக்கு வேலை செய்த யாரோ ஒரு தொழிலாளி பசை தடவி ஒட்டிய தாள்தான் இன்றைக்குப் பெரிய சாட்சி.

மற்ற கம்பெனிகளைச் சுருக்கமாகச் சொன்னால், போர்ஷேயில் பழைய கார்களுக்கு கார்டெக்ஸ் என்ற அட்டை உண்டு. மெர்சிடஸில் டேட்டா கார்டு. போன்டியாக்குக்கு பிஎச்எஸ் என்ற ஆவணம் வாங்கலாம், 1967 முதலான ஃபோர்டுக்கு மார்ட்டி ரிப்போர்ட். ஃபெராரிக்குக் கம்பெனியே கிளாசிக்கே சான்றிதழ் தருகிறது. எந்த கார் பார்க்கப் போனாலும், அந்தக் கம்பெனிக்கு எந்த ஆவணம் என்பதை முதலில் தெரிந்துகொண்டு போங்கள்.

இனி எண்ணிக்கைக்கு வரலாம், கடைசியில் பார்ப்போம் என்றேன் அல்லவா. விற்பனை விளம்பரங்களில் "உலகத்திலேயே ஒன்றே ஒன்று" என்று பார்ப்பீர்கள். பல தடவை அது உண்மையாகவும் இருக்கும், பயனும் இருக்காது. பச்சை நிறம், பழுப்பு உட்புறம், ஏசி உண்டு, ரேடியோ இல்லை, பின் கண்ணாடியில் இந்த ஆப்ஷன், இந்தப் பல்சக்கர விகிதம் என்று பெருக்கிக்கொண்டே போனால் எந்தக் காரும் ஒரு கட்டத்தில் ஒன்றே ஒன்று ஆகிவிடும். நிறையப் பேர் விரும்பும் ஆப்ஷனில் எண்ணிக்கை குறைவாக இருந்தால்தான் விலை ஏறும். யாருக்கும் வேண்டாத ஆப்ஷன் ஒன்றே ஒன்று இருந்தால், வாங்குபவரும் ஒரே ஒருவர்தான் இருப்பார், அவரும் அவசரப்படமாட்டார். நிறம் மட்டும் இதில் கொஞ்சம் விதிவிலக்கு. தனியாகச் சொல்லி அடித்த நிறம், ஆவணத்தில் இருந்தால், குறிப்பாக போர்ஷேயில், நல்ல கூடுதல் விலை தரும்.

விருப்பமும் ஒரே இடத்தில் நிற்காது. 2006 வாக்கில் ஹெமி கன்வெர்டிபிள்கள் இருபது லட்சம் டாலரைத் தாண்டின, 2008 நெருக்கடிக்குப் பிறகு பெரிய என்ஜின் போட்ட அமெரிக்க மசில் கார்களின் விலை சரிந்தது, பிறகு மறுபடி ஏறியது. அந்தச் சரிவிலும் ஆவணம் முழுசாக இருந்தவை தாக்குப்பிடித்தன, சந்தேகத்துக்கு இடமானவற்றை யாரும் தொடவில்லை.

கடைசியாக, வாங்க நினைப்பவர்களுக்கு. நம்மில் பெரும்பாலோர் எல்88 வாங்கப் போவதில்லை, ஆனால் இதே கணக்கு சின்ன விலைக் கார்களிலும் அப்படியே வேலை செய்கிறது. சாதாரண கார்வெட்டில் எல்88 பாகங்களைப் போட்டுச் செய்த காரை கிளோன் என்றோ டிரிப்யூட் என்றோ சொல்வார்கள். அதில் தவறே இல்லை, ஓட்டி மகிழ அசலைவிட அதுதான் நல்லது, அசலை வெளியே எடுக்கவே பயமாக இருக்கும். ஆனால் கிளோனுக்குக் கிளோன் விலைதான் கொடுக்க வேண்டும், அதாவது அடிப்படை காரின் விலையும் செய்த வேலைக்கு ஒரு பகுதியும். என்ஜின் காருடன் பிறந்ததா, மாற்றியதா, எந்தெந்த ஆப்ஷன் பின்னால் சேர்த்தது என்பதை விற்பவர் கைப்பட எழுதி ரசீதிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தரத் தயங்கினால், பணம் கொடுப்பதற்கு முன் அந்த மாடல் தெரிந்த, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஆளை அழைத்துப் போய் என்ஜின் மேடையில் வெளிச்சம் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், டேங்கை இறக்க அனுமதி கேளுங்கள். அதற்கும் மறுத்தால் வேறு கார் பாருங்கள்.